மூலையில் கசிந்த வெளிச்சம்

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் தெய்வநாயகத்துக்குக் கோணல் என்றால் ஆகாது. அவர் வீட்டில் இரண்டு நாளாக டிவி ஓடவில்லை. போன வாரம் ஒயர் போட்டுவிட்டுப் போன பர்வீனைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"சுவத்துல ஒரு ஆணியக்கூடப் பிடுங்காம பழுதைக் காட்டு. தப்பு பண்ணவங்க பேரை உன் கம்பெனி புகார் ஃபாரத்துல எழுதி அனுப்பறேன். அப்புறம் உனக்கு அங்க வேலை இருக்காது."

பர்வீன் சுவரைப் பார்த்தாள். மூலையில் அவள் வளைத்து விட்டிருந்த ஒயர் இப்போது நறுக்கென்று மடங்கி, இரண்டு புது ஆணிகளுக்குள் இறுகியிருந்தது. மேசையில் செங்கோணம் பார்க்கும் அவருடைய மூலைமட்டம் கிடந்தது.

"ஜன்னலை மட்டும் சாத்திக்கறேன் சார்."

பேனா மாதிரி இருந்த விளக்கை ஒயரின் நுனியில் பொருத்தினாள். இருண்ட கூடத்தில் ஒயர் நெடுக ஒன்றும் தெரியவில்லை. மூலையில் மட்டும் சிவப்பாகக் கசிந்தது.

"உள்ள இருக்கறது கண்ணாடி இழை சார். படமெல்லாம் வெளிச்சமாத்தான் வருது. வளைச்சா கூடவே வரும். மடக்கினா அங்கேயே வெளிய போயிடும்."

தெய்வநாயகம் கிட்டே போய் அந்தச் சிவப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு ஃபாரத்தை வாங்கி, தப்பு செய்தவர் பெயருக்கு நேரே 'ஆணி' என்று எழுதிப் பேனாவை மூடினார்.

பர்வீன் அதைப் பொறுமையாகப் படித்தாள்.

"ஆபீஸ்ல ஆணியோட விலாசம் கேப்பாங்க சார். இந்த வீட்டு விலாசமே போட்டுடலாமா?"

அவர் பேனாவை மறுபடி திறந்து, ஆணிக்கு முன்னால் தன் பெயரைச் சேர்த்தார்.