மழை நாளில் நிலாச்சோறு

ஒரு ஊர்ல ஒரு பாறை இருந்துச்சு. யானை முதுகு மாதிரி பெரிய பாறை. தை மாசம் பௌர்ணமி வந்தா, அந்த ஊர்ப் புள்ளைங்க எல்லாம் அது மேல ஏறி உக்காந்து நிலாச்சோறு சாப்பிடுவாங்க. வீடு வீடாப் போயி ஒரு பிடி சோறு வாங்குவாங்க. ஒரு வீட்ல புளிச்சோறு, ஒரு வீட்ல தயிர்ச்சோறு, இன்னொரு வீட்ல கத்திரிக்காக் குழம்பு ஊத்தின சோறு. எல்லாத்தையும் ஒரே குண்டாவுல கொட்டிப் பிசைவாங்க. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

ம்.

அந்தச் சோத்துல மொத உருண்டை நிலாவுக்கு. அதைக் குடுக்காம யாரும் ஒரு பருக்கை வாயில வைக்கக் கூடாது. நிலா வரலேன்னா குண்டாச் சோறும் மாட்டுத் தொட்டிக்குத்தான். சரி, உருண்டைய யாரு குடுக்கறது? அந்த வருஷம் எந்தப் புள்ளைக்கு முன்பல்லு விழுந்துச்சோ, அது குடுக்கணும். ஆயுசுக்கு ஒரு தடவைதான். அந்தத் தடவை பூவாத்தாங்கற பொண்ணோட முறை. காலையிலேருந்து அவ கைய நாலு தரம் கழுவிட்டா. கண்ணாடியில பொக்கை வாயப் பாத்துப் பாத்துச் சிரிச்சுக்கிட்டா.

அப்புறம் பொழுது சாஞ்சுது. எல்லாரும் பாறை மேல ஏறினாங்க. பூவாத்தா உருண்டை பிடிச்சு, ஒரு பூவரச இலையில வச்சுக்கிட்டு கிழக்கையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அப்போ... டொப். மூக்கு மேல ஒரு சொட்டு. டொப், டொப். அப்புறம் சடசடசடன்னு மழை.

"தை மாசத்துல எவன்டா மழையக் கூப்பிட்டது" அப்படின்னா ராமாயி அக்கா. அவதான் புள்ளைங்கள்ல பெரியவ. "சரி, குண்டாவைத் தூக்குங்க. தொட்டியில கொட்டிட்டுப் போய்ப் படுப்போம்."

 பூவாத்தா அழல. இலைய மடிச்சு உருண்டைய மூடினா. "அக்கா, நனைஞ்சது நாமதான். சோறு நனையல. வேற எடம் பாக்கலாம்."

"நிலா இல்லாமயா?"

"வரும். வர்ற வரைக்கும் வெளையாடலாம்."

அப்புறம் எல்லாரும் குடுகுடுன்னு கோயில் மண்டபத்துக்கு ஓடினாங்க. அங்க கூரை ஒழுகுது. சொட், சொட்டுன்னு ஒரு பக்கம், டங், டங்குன்னு பூசைத் தட்டு மேல ஒரு பக்கம். பூவாத்தா அந்தச் சத்தத்துக்குக் கை தட்டினா. எல்லாரும் தட்டினாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணி கணுக்காலுக்கு வந்ததும் கெளம்பிட்டாங்க. ம்?

ம்.

அப்புறம் மாட்டுக் கொட்டாய். அங்க ஒரு எருமை நடுவுல படுத்துக்கிட்டு, ப்ர்ர்ருன்னு மூச்சு விட்டுச்சு. புள்ளைங்க அதைச் சுத்தி உக்காந்து விடுகதை போட்டாங்க. எருமை மெல்ல நாக்கை நீட்டி, குண்டா ஓரத்தை ஒரு நக்கு நக்கிச்சு. "தொட்டிக்குப் போற சோறுதானே, நேராக் குடுத்தா என்னன்னு கேக்குது" அப்படின்னா ராமாயி அக்கா. பூவாத்தா குண்டாவை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா.

அப்புறம் நஞ்சப்ப மாமாவோட வெல்லக் கொட்டாய். வாசல்லயே வாசனை. பெரிய கொப்பரையில கரும்புப் பாகு களக்கு புளக்குன்னு கொதிக்குது. அடுப்பு தகதகங்குது.

"மாமா, உள்ள வரலாமா?"

"வரலாம் ஆத்தா. ஆனா சும்மா உக்கார்றவங்களுக்கு இங்க எடம் கெடையாது. காஞ்ச சக்கையெல்லாம் அந்தக் கோடியில கெடக்கு. அடுப்பு அணைஞ்சா பாகு போச்சு."

அப்போ புள்ளைங்க வரிசையா நின்னு, கரும்புச் சக்கைய கைக்குக் கை மாத்தினாங்க. மாமா வாங்கி அடுப்புல போட்டாரு. சரக்கு, சரக்குன்னு சக்கை வருது, களக்கு புளக்குன்னு பாகு கொதிக்குது, கூரை மேல சோன்னு மழை. எல்லாரும் சேர்ந்து கும்மிப் பாட்டு எடுத்தாங்க. நனைஞ்ச பாவாடையெல்லாம் காஞ்சு போச்சு. மழைய எல்லாருமே மறந்துட்டாங்க. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

பூவாத்தா மட்டும் வாசலுக்குப் பக்கத்துல, இலைய மடியில வச்சுக்கிட்டு, மேகத்தைப் பாத்துக்கிட்டே சக்கை எடுத்துக் குடுத்தா. அப்போ வாசல்ல ஒரு புள்ள வந்து நின்னுச்சு. வெள்ளைப் பாவாடை. தலையிலேருந்து தண்ணி சொட்டுது. அது நின்ன எடத்துல தரையெல்லாம் பால் கொட்டின மாதிரி வெளுப்பா இருந்துச்சு. அடுப்பு வெளிச்சம்னு நெனைச்சா பூவாத்தா.

"எந்த ஊரு நீ?"

"தூரம்."

"மழையில எதுக்கு வந்த?"

"மழை பெஞ்சாத்தான் எனக்கு லீவு" அப்படின்னுச்சு அந்தப் புள்ள. அப்புறம் இலையையே பாத்துச்சு. "பசிக்குது."

பூவாத்தா குண்டாவைப் பாத்தா. அதைத் தொடக் கூடாது. கையில இருக்கறது ஒரே உருண்டை. இதைக் குடுத்துட்டா நிலாவுக்கு இல்ல. அவ முறையும் போச்சு, அத்தனை பேர் சோறும் தொட்டிக்குப் போச்சு. அந்தப் புள்ளையோட வயிறு குர்ர்ருன்னு சத்தம் போட்டுச்சு.

பூவாத்தா கண்ணை மூடிக்கிட்டு இலைய நீட்டினா.

அந்தப் புள்ள ஒரே வாயில முழுங்கிடுச்சு. வெரலை நக்கிக்கிட்டுச் சொல்லுச்சு: "உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனா நல்லா இருக்கு. இத்தனை வருஷமா எல்லாரும் உருண்டைய எனக்குத் தூக்கித் தூக்கிக் காட்டறாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்களே தின்னுடறாங்க. இன்னிக்குத்தான் வாய்க்கு வந்துச்சு."

பூவாத்தா கண்ணைத் தொறந்தா. வாசல்ல யாருமில்ல. மழை மட்டும் பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு, மெதுவா, மெதுவா.

ராமாயி அக்கா வந்தா. இலைய எட்டிப் பாத்தா. "எங்கடி உருண்டை?"

"நிலாவுக்குக் குடுத்துட்டேன்."

"வானத்துல ஒரு மண்ணும் தெரியல. நீ தின்னுட்டுப் பொய் சொல்லாத."

"சத்தியமாக்கா. லீவாம், இங்க வந்துச்சு. தின்னுட்டு, கையக் கூட கழுவாமப் போயிருச்சு."

ராமாயி அக்கா அவ வாய் ஓரத்தைத் தடவிப் பாத்தா. ஒரு பருக்கை இல்ல. கைய மோந்து பாத்தா. அப்புறம் வெளிய மேகத்தை ரொம்ப நேரம் பாத்தா. நஞ்சப்ப மாமா கரண்டிய நிறுத்திட்டு, "அதுக்குக் கொஞ்சம் பாகும் குடுத்திருக்கலாமே ஆத்தா" அப்படின்னாரு.

"உக்காருங்க எல்லாரும்" அப்படின்னா அக்கா. "நிலா சாப்பிட்டாச்சாம்."

அப்புறம் குண்டாவைச் சுத்தி உக்காந்து, சூடாப் பாகு தொட்டுக்கிட்டு, அத்தனை பேரும் சாப்பிட்டாங்க. அவங்க வயிறு நெறைஞ்சுது, என் கதையும் நெறைஞ்சுது. வெளிய மழை பெய்யட்டும், நீ கண்ணை மூடு.

ம்...