கொடிமரக் குழி

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை வில்லவராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிட, எல்லாரையும் படுத்தி எடுத்தான் என்றால் சரியாக இருக்கும். காலையில் ஏரி வேண்டும் என்பான், மாலையில் "தண்ணீர் எங்கே?" என்பான். என்னத்தைச் சொல்ல!

ஏரிக்கரையில் வடபாதியை மந்திரி பொறையனாரிடமும், தென்பாதியைத் தளவாய் வீரசிங்கனிடமும் கட்டச் சொல்லி ஒப்படைத்தான். மந்திரி ஒரு சாண் மண் கொட்டுவார், தண்ணீர் தெளிப்பார், யானைகளை விட்டு மிதிக்கவைப்பார். அப்புறம்தான் அடுத்த சாண். தளவாய் கொட்டினார், கொட்டிக்கொண்டே இருந்தார். மேலே புல்லைப் பதித்துவிட்டு, "முடிந்தது மகாராஜா! மந்திரி இன்னும் யானையோடு விளையாடுகிறார்" என்று போட்டுக்கொடுத்தார்.

"யானைகளை என் ஊர்வலத்துக்கு அனுப்பும்! மீதியை அப்படியே கொட்டி முடித்து நாளைக்கே தண்ணீரைத் தேக்கும். இல்லையானால் பதவியை விட்டுப் போம்!" என்று ராஜா குதித்தான்.

மந்திரிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. கரைக்குக் கீழே கீழப்புலியூர் என்று ஒரு ஊரே இருக்கிறது. "தென்கரை உடையும்" என்று எத்தனை தடவைதான் சொல்வது? சொன்னால், "பொறாமை" என்கிறார் தளவாய்.

"சரி, தளவாய் பெயரில் இரண்டு பாதியிலும் கொடிமரம் நடுவோம்" என்றார் மந்திரி. தளவாய்க்கு வாயெல்லாம் பல்.

சபையே திரண்டு வந்தது. தென்கரையில் குழி வெட்டினார்கள்.

"அடடா, மரம் வரவில்லையே! எடுத்த மண்ணையே போட்டு மிதித்து மூடுங்கள்" என்றார் மந்திரி. மண் தீர்ந்துவிட்டது, குழி நிரம்பவில்லை.

"எவனோ மண்ணைத் திருடிவிட்டான்!" என்று கத்தினார் தளவாய்.

"நாங்கள் எல்லாரும் குழியைத்தானய்யா பார்த்துக்கொண்டிருந்தோம்!" என்றான் ராஜா.

வடகரையிலும் வெட்டி மூடினார்கள். குழி நிரம்பி, மேலே மண் குவிந்து நின்றது.

"இதென்ன கூத்து?"

"மகாராஜா, இங்கே யானை மிதித்து இறுகிய மண். வெட்டினதும் உப்பிவிட்டது, மனுஷன் மிதித்தால் பழையபடி அடங்குமா? அங்கே மண்ணுக்குள் வெறும் பொந்து, மனுஷன் மிதித்ததுமே அமுங்கிவிட்டது. தண்ணீர் அதில்தான் முதலில் புகும்."

ராஜா திரும்பினான். "தளவாய், உம் கரை கெட்டிதானே? தண்ணீர் தேக்கும் அன்று குடும்பத்தோடு கீழப்புலியூரில் தங்கும்."

"ஐயோ, மகாராஜா! என் பிள்ளைகள் சின்னதுகள்..."

"அந்த ஊர்க்காரனுக்குப் பிள்ளையே இல்லையா?"

தளவாய் தலை குனிந்தார். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான்.

"மாலை இருக்கட்டும். என் யானைகளை முதலில் கொடுங்கள்!" என்று சீறினார் மந்திரி.

ஊர்வல நெற்றிப்பட்டத்தோடு யானைகள் அப்படியே திரும்பி வந்தன. தென்கரையைப் பிரித்து, சாண் சாணாகப் போட்டார்கள். யானைகளின் பின்னாலேயே தளவாயும் சேற்றை மிதித்துக்கொண்டு நடந்தார். அந்த ஐப்பசியில் ஏரி முட்ட முட்ட நிரம்பியது. கீழப்புலியூர் நிம்மதியாகத் தூங்கியது.