குருவிக்குத் தண்ணி காட்டிய அண்ணன்மார்

மூங்கில்வலசு என்றொரு ஊர். அங்கே அறிவாளிகளுக்குக் குறைவே இல்லை. என்ன, மூன்று பேரும் ஒரே வீட்டில் பிறந்துவிட்டார்கள். மூத்தவர் மாரப்பன், நடுவிலவர் பொன்னுரங்கம், கடைக்குட்டி செங்கோடன். கடைக்குட்டிக்கு வயது முப்பத்தெட்டு.

சொன்னதைச் சொன்னபடி செய்வதில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. "கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்குங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போன அன்று, மூவரும் நாள் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொல்லைப் பக்கமாக நாய் புகுந்து கறிக்குழம்பைக் காலி செய்தது. கொல்லைப் பக்கத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

இவர்களுக்குத் தெய்வானை என்று ஒரு தங்கை. தாராபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவாள். அந்த வீட்டுக்கென்று ஒதுக்கிய மூளை முழுவதும் அவளுக்கே போய்விட்டதாக ஊரில் பேச்சு.

அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் காங்கேயத்தில் மாட்டு டாக்டர். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது, அவளை அவனுக்குப் பிடித்திருந்தது. இடையில் நின்றது பையனின் அப்பா நஞ்சப்ப வாத்தியார். ஓய்வு பெற்ற நாள் முதலாகக் கழுத்தில் பைனாகுலரோடு திரிகிற மனிதர். எதையும் பைனாகுலர் வழியாகப் பார்த்தால்தான் நம்புவார். இலையில் வைத்த இட்லியைக்கூட.

"நகை வேண்டாமுங்க, காரு வேண்டாமுங்க. குருவி இருந்தாப் போதும்" என்றார் அவர். "எந்த வீட்டுத் தோட்டத்துல பறவை பயமில்லாம வந்து உக்காருதோ, அந்த வீட்டு மனுசங்கதான் மனுசங்க. வர்ற ஞாயித்துக்கிழமை தோட்டத்தைப் பார்த்துட்டு முடிவைச் சொல்றேன்."

தெய்வானை அண்ணன்மாரை உட்கார வைத்தாள். "அண்ணா, இந்த இடம் எனக்குப் பிடிச்சிருக்குது. தயவுசெஞ்சு கெடுத்துப்போடாதீங்க. செடி நர்சரி வசந்தாமணி அக்காகிட்டப் போங்க. அவங்க சொல்றபடி அப்படியே செய்யுங்க."

"அப்படியேவா?" என்று கேட்டார் மாரப்பன்.

"அப்படியே."

பாவம், பஸ்ஸுக்கு நேரமான அவசரத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

வசந்தாமணி பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். நிமிராமலே யோசனை சொன்னாள். "அது என்ன பெரிய காரியமுங்க? தினமும் பறவைக்குத் தண்ணி காட்டுங்க. வர்ற பறவை பேரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க. தோட்டத்துல இலையைப் பெருக்காதீங்க. வேடிக்கை பார்க்கறப்ப மரமாட்ட அசையாம நில்லுங்க. அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதான்.

மறுநாள் காலை மூவரும் பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்கள்.

"ஏனுங்கண்ணா, குடத்துக்குள்ள தண்ணி இருக்கறது மேல இருந்து பார்த்தாத்தானுங்க தெரியும்?" என்றான் செங்கோடன்.

"பறவை மேலதானேடா இருக்குது" என்றார் மாரப்பன். இப்படிச் சட்டென்று விளங்க வைப்பதால்தான் அவர் மூத்தவர்.

குடத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஒவ்வொரு கிளையாகக் காட்டினார்கள். கொய்யா மரத்திலிருந்த மைனா ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"பார்த்துருச்சுங்கண்ணா!" என்றார் பொன்னுரங்கம்.

"எந்தக் கண்ணுல?"

"முதல்ல இடது கண்ணு. அப்புறம் தலையைத் திருப்பி வலது கண்ணு."

"அப்ப ரெண்டு வேளைக்கும் சேர்த்துக் காட்டியாச்சு. உள்ள கொண்டு போ."

வெயிலில் நாக்கு வறண்டிருந்த மைனா இறங்கி வந்து குடத்தின் விளிம்பில் உட்கார்ந்தது. பொன்னுரங்கம் கையை வீசி விரட்டினார். "காட்டத்தான் சொல்லியிருக்காங்க. குடிக்கறதைப் பத்திப் பேச்சே வரலை."

நாலு நாள் இப்படி மைனாவுக்குத் தண்ணி காட்டினார்கள். ஐந்தாம் நாள் மைனா இவர்களுக்குத் தண்ணி காட்டிவிட்டு அடுத்த தெருவுக்குக் குடிபோனது.

பெயர் எழுதும் வேலை செங்கோடனுக்கு. எட்டாவது வரை படித்தவன், கையெழுத்தும் குண்டு குண்டாக நன்றாக இருக்கும். நோட்டும் பென்சிலுமாக மதில்மேல் இருந்த காக்காவிடம் போய், மரியாதையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "உங்க பேரு என்னுங்க?" என்று கேட்டான்.

"கா" என்றது காக்கா.

"கா... அதுக்கப்புறமுங்க?"

"கா."

"நல்லதுங்க" என்று எழுதிக்கொண்டான்.

காக்கா அளவுக்கு மற்றவை ஒத்துழைக்கவில்லை. குருவிகள் பெயர் சொல்லாமலே ஓடின. குயில் மட்டும் மறைவாக இருந்துகொண்டு "கூ, கூ" என்றது. அது பேரா, ஊரா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கூடலூராக இருக்கலாம் என்றார் பொன்னுரங்கம். கூனம்பட்டியாக இருந்தால் நமக்குத் தூரத்துச் சொந்தம் என்றார் மாரப்பன். மூன்று நாள் முடிவில் நோட்டில் நூற்றுப் பதினான்கு காக்காக்கள் சேர்ந்திருந்தன.

"அத்தனை பேருக்கும் ஒரே பேருங்கண்ணா. பிறந்ததுக்கு யாருமே பேர் வைக்க மெனக்கெடலையாட்ட இருக்குது" என்று செங்கோடன் வருத்தப்பட்டான்.

இலை விஷயத்தில்தான் கொஞ்சம் மூளையைச் செலவழிக்க வேண்டியிருந்தது. இருந்த கையிருப்பில் அது பெரிய செலவு.

"இலையைப் பெருக்கக்கூடாதுன்னா என்ன அர்த்தமுங்க?" என்று ஆரம்பித்தார் பொன்னுரங்கம். "வெளக்குமாறு எடுக்கக்கூடாதா?"

"வெளக்குமாத்துல செய்யறது கூட்டறதுடா. நம்மூர்ல வாசலைக் கூட்டறதுன்னுதானே சொல்லுவோம்? அது கூட்டல். இது பெருக்கல். ரெண்டும் வேற வேற கணக்கு."

"அப்ப கூட்டலாமுங்களா?"

"கூட்டக்கூடாதுன்னு அந்தம்மா சொல்லலையே."

ஆகவே முதல் வேலையாகத் தோட்டம் முழுக்க ஒரு சருகு விடாமல் கூட்டித் தள்ளினார்கள். சருகுக்கு அடியில் புழு தேடிக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று, ஏழு பேரும் ஏதோ திட்டிக்கொண்டே கிளம்பிப் போனது. அப்புறம் பெருக்கலுக்கு வந்தார்கள்.

"இலை இப்ப எத்தனை இருக்குதோ, அதுக்கு மேல பெருகக்கூடாது" என்றார் மாரப்பன்.

"நாம எங்கீங்க பெருக்கறோம்? மரம்தானே தானாப் பெருக்குது" என்றான் செங்கோடன்.

"மரம் யாரோடது?"

"நம்முளுதுங்க."

"அப்ப யார் பெருக்கினாப்பல?"

செங்கோடன் தலையில் அடித்துக்கொண்டான். இத்தனை நாளும் தெரியாமல் எவ்வளவு பெரிய தப்பு செய்துகொண்டிருந்திருக்கிறோம்!

துளிர்க்கிற இலையை மட்டும் கிள்ளிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கிள்ளினால் மறுபக்கம் துளிர்த்தது. கடைசியில் பொன்னுரங்கம்தான் வழி கண்டுபிடித்தார். "பூஜ்யத்தை எத்தனையால பெருக்கினாலும் பூஜ்யம்தானுங்களே?"

மாரப்பன் தம்பியைக் கட்டிக்கொண்டார். மூன்றே நாளில் வேம்பு, கொய்யா, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் பூஜ்யமாயின. பதினொரு சாக்கு இலை சேர்ந்தது. மதிலில் இருந்த அணில் மொட்டை மரங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை வாயில் கவ்விக்கொண்டு வெளியேறியது.

சனிக்கிழமை சாயங்காலம் தெய்வானை வந்தாள். தோட்டத்துக் கதவைத் திறந்தாள். மொட்டை மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கண் கலங்கிவிட்டது.

"நாளைக்குக் காலைல வாராங்க. ஒரு ஈ, எறும்பு இல்லையேண்ணா. அவங்க வந்து என்னத்தைப் பார்ப்பாங்க?"

"காக்கா நோட்டு இருக்குதம்மா" என்றான் செங்கோடன் ஆறுதலாக.

"நோட்டை நீங்களே வெச்சுக்குங்க! பேசாம நீங்களே மரத்துல ஏறி உக்காந்துக்குங்க!" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"படிச்ச புள்ளை படிச்ச புள்ளைதான். எவ்வளவு லேசா வழி சொல்லிப்போட்டா, பாரு" என்றார் மாரப்பன்.

"மூணு பேருமே ஏறணுமுங்களா?"

"மூணு பேரும் ஏறிட்டா, மரமாட்ட யாரு நிக்கறது? வசந்தாமணி சொன்னதையும் மீறக்கூடாது. ஒருத்தன் பறவை, ரெண்டு பேர் மரம்."

விடிந்ததும் மைதாப் பசை காய்ச்சினார்கள். செங்கோடனுக்குத் தலை முதல் முழங்கால் வரை வேப்பிலை ஒட்டி வேம்பின் கிளையில் ஏற்றிவிட்டார்கள். மற்ற இருவரும் முருங்கை இலையை ஒட்டிக்கொண்டு, கைகளை விரித்துத் தோட்டத்தில் நின்றார்கள்.

ஒன்பது மணிக்கு நஞ்சப்ப வாத்தியார் வந்தார். தெய்வானை காபியைக் கொடுத்தாள். "அண்ணன்மாரெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. "இருக்கட்டும்" என்று அவர் தோட்டத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். கூடவே போன தெய்வானை வேம்பை அண்ணாந்து பார்த்தாள். காலி டம்ளர் கையிலிருந்து நழுவியது.

"சத்தம் போடாதம்மா!" என்றார் வாத்தியார் கிசுகிசுப்பாக. "இத்தனை வருசத்துல இப்படியொண்ணை நான் பார்த்ததில்லை."

ஒரு கையால் தன் பையிலிருந்த நோட்டை எடுத்து மடியில் வைத்து எழுத ஆரம்பித்தார். உடல் பச்சை. கால் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே ரோமம். அலகு சப்பை. வால் இல்லை.

அந்த நேரம் பக்கத்து வீட்டு வெள்ளாடு உள்ளே வந்தது. வாத்தியாருக்குப் பதினைந்து அடி தள்ளி இரண்டு முருங்கை மரங்கள் தாழ்வாக நிற்பதைப் பார்த்து, மாரப்பனின் இடுப்பிலிருந்து மேய ஆரம்பித்தது. மாரப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். தங்கையின் வாழ்க்கை. ஒரு கிளையும் அசையவில்லை. ஆடு வயிற்றுக்கு வந்தபோது மட்டும் மரம் லேசாகச் சிரித்தது.

மேலே செங்கோடனுக்கு வேறு சோதனை. வேப்பிலையோடு சாக்கிலிருந்த செவ்வெறும்பெல்லாம் உடம்புக்கு வந்துவிட்டன. அவனும் எவ்வளவுதான் தாங்குவான்? "ஐயோ, அம்மா, கடிக்குதே!" என்றான்.

வாத்தியார் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. 'குரல்: ஓரளவு தமிழ்' என்று எழுதிக்கொண்டார்.

தெய்வானையால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கல்யாணம் போனாலும் போகட்டும் என்று தோன்றிவிட்டது. "மாமா, உங்களை ஏமாத்த எனக்கு மனசு வரலைங்க. அது பறவை இல்லீங்க. எங்க சின்னண்ணன்."

வாத்தியார் பைனாகுலரை இறக்கிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவள் தலையில் கை வைத்தார்.

"இதைத்தானம்மா நான் தேடிட்டிருந்தேன். எங்க வீட்டு மைனாவை நான் தம்பின்னுதான் கூப்பிடுவேன். ஊர்ல எல்லாரும் சிரிப்பாங்க. நீ அண்ணன்னே சொல்லிப்போட்டே. இனிப் பேச்சுக்கு இடமில்லை, மாசியிலயே முகூர்த்தம். ஒண்ணே ஒண்ணு. அந்தப் பறவையை யாரும் தொந்தரவு பண்ணக்கூடாது."

அவர் பஸ் ஏறும்வரை தெய்வானை அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது.

சொன்னபடி மாசியில் கல்யாணம் நடந்தது. கல்யாணச் சாப்பாடு வேம்புக்கே போனது. சம்பந்தி தினமும் ஒரு படி கம்பு அனுப்பினார். செங்கோடன் கொறித்தான். வீட்டுக்கு வந்து படுக்கச் சொல்லித் தெய்வானை எவ்வளவோ மன்றாடினாள். "தொந்தரவு பண்ணாதம்மா, உங்க மாமனார் கோவிச்சுக்குவாரு" என்றார்கள் அண்ணன்மார். அவளும் காங்கேயத்துக்கு வாழப் போய்விட்டாள்.

பங்குனி பிறக்கிற சமயத்தில் வாத்தியார் ஒருநாள் தோட்டத்துக்கு வந்து பெருமூச்சு விட்டார். ஆடு மேய்ந்து மீந்த இலையோடு நின்ற இரண்டு மரங்களுக்குக் கேட்கும்படியே தனக்குள் பேசிக்கொண்டார். "இது வலசைப் பறவையாத்தான் இருக்கும். வெயில் ஏறினா வடக்கே போயிரும். தனியாப் போகாது, கூட்டமாத்தான் போகும். ஒண்ணு முன்னால, மத்தது ரெண்டு பக்கமும் பின்னால. அம்பு முனையாட்ட."

பங்குனி முதல் தேதி காலை, காங்கேயத்திலிருந்து வடக்கே ஈரோடு போகும் பஸ்ஸில் மூன்று பேர் ஏறினார்கள். மாரப்பன் முன்னால் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக்கொண்டார். பொன்னுரங்கம் நாலு சீட் பின்னால் இடதுபக்க ஜன்னல். செங்கோடன் அதே வரிசையில் வலதுபக்க ஜன்னல்.

"சேர்ந்தாப்பல மூணு சீட்டு காலியா இருக்குதே, ஒண்ணா உக்காருங்களே" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணா உக்காந்தா வழி தப்பிருமுங்க" என்றார் மாரப்பன்.

பஸ் ஊரைத் தாண்டியது. பொன்னுரங்கம் இடது கையையும், செங்கோடன் வலது கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஒரே தாளத்தில் மேலும் கீழும் அடிக்க ஆரம்பித்தார்கள். எதிரே லாரி ஒன்று வந்தது. கண்டக்டர் பதறிப்போய் விசில் ஊதினார்.

"ஏனுங்க! ரெண்டு பேரும் கையை உள்ள வைங்க!"

மாரப்பன் திரும்பி, விவரமில்லாத ஆளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்.

"வெச்சுட்டா பஸ் எப்படீங்க பறக்கும்?"