பாஸ்டெட் அம்மனின் பாலில் பூனை முதலில் வாய் வைப்பது ஏன்

மியூவுக்கு முதலில் துரோகம் செய்தது எலியும் இல்லை, நாயும் இல்லை. பாஸ்டெட் கோயில் பூசாரி ஹோரிதான்.

மிருகமும் மனிதனும் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், நைல் நதிக்கரையில் பூபாஸ்டிஸ் என்று ஓர் ஊர். பூனைத் தலையோடு நிற்கும் பாஸ்டெட் அம்மனுக்கு அங்கே பெரிய கோயில். அந்தக் கோயில் களஞ்சியத்தில் எலி பிடித்த கடுவன் பூனைதான் மியூ. வேலையிலும் கெட்டி, வாயிலும் கெட்டி.

அன்று திருவிழா. ஆறே தெரியாதபடி படகுகள். கொட்டும் குழலும் காதைப் பிளந்தன. பெண்கள் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே கரையில் நின்றவர்களைக் கேலி பேசிச் சிரித்தார்கள். மியூவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்து, கருவறையைத் திறந்த ஹோரி அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தான். அம்மன் காலடியில் கொம்பு விரியன் ஒன்று சுருண்டு கிடந்தது. சனம் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. அவன் மியூவின் முன்னால் மண்டியிட்டான்.

"அப்பனே மியூ, நீதான் காப்பாத்தணும். இன்னைக்குப் படையல் பால்ல முதல் கிண்ணம் உனக்கு. அம்மனுக்கே அப்புறந்தான்."

"யார் மேல சத்தியம்?"

"அந்த அம்மன் மேலயே சத்தியம்."

மியூ உள்ளே பாய்ந்தது. விரியன் சீறியது, மியூ எகிறியது, மறுபடி சீறியது. தரையில் பரப்பியிருந்த மணலெல்லாம் பூனைக் கால் தடம். கடைசியில் ஒரே கடி, பாம்பின் கழுத்து முறிந்தது. மியூ மூச்சிரைக்க வெளியே வந்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, பாலுக்காக உட்கார்ந்தது.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கருவறையை விட்டு வெளியேறும் பூசாரி, பின்பக்கமாக நடந்தபடியே தரையைத் துடைப்பத்தால் கூட்டிவிட வேண்டும். தெய்வத்தின் முன்னால் யார் காலடியும் இருக்கக் கூடாது. ஹோரி உள்ளே போனான், நன்றாகக் கூட்டினான். செத்த பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, தானே கொன்றதாகச் சொன்னான்.

மியூ கத்தி வழக்குப் பேசியது. தலைமைப் பூசாரி உள்ளே போய்த் தரையைப் பார்த்தார். ஒரு தடம்கூட இல்லை.

"பறந்து போயா கொன்ன?" என்று ஹோரி கேட்டான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முதல் கிண்ணம் அம்மனுக்குப் போனது, மீதி பூசாரிகளுக்குப் போனது. மியூவின் முன்னால் ஒரு சொட்டு விழவில்லை.

கூட்டம் கலைந்ததும் மியூ நேரே அம்மனிடம் போனது.

"நீ பாத்தியா, இல்லையா?"

"பார்த்தேன்டா கண்ணு. என் மேல் செய்த சத்தியம், அதனால் அந்தக் கடன் தீராதது எனக்கும்தான் அவமானம். ஆனால் எனக்கு வருவதே மனிதன் கையால். நான் எங்கிருந்து கொடுப்பேன்?"

"அப்படின்னா இனி அவங்ககூடப் பேச்சு கிடையாது."

"பேசாவிட்டால் எப்படிக் கேட்பாய்?"

"கேக்கவே மாட்டேன். உன் முன்னால வைக்கிறதை நானே எடுத்துக்குவேன். ஆனா எடுத்துக்கிட்டது கணக்குல சேராது. அவங்களா குடுத்தாத்தான் கடன் தீரும்."

அம்மன் சிரித்து, சரி என்றாள். மியூ வாயை மூடியது. உலகத்துப் பூனைகள் எல்லாமே பேச்சை நிறுத்தின.

ஹோரி செத்தான். கோயில் இடிந்து மணலுக்குள் போனது. பாஸ்டெட்டை எல்லோரும் மறந்தார்கள், பூனை மட்டும் மறக்கவில்லை. இப்போது எங்கெங்கோ தூர தேசங்களில், பழைய தெய்வங்களை மறுபடியும் கும்பிடத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். பேகன்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். மாடி வீட்டு அலமாரியில் கறுப்புப் பூனைச் சிலை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பால் ஊற்றுகிறார்கள். மந்திரம் முடிவதற்குள் வீட்டுப் பூனை தாவி ஏறி நக்கத் தொடங்குகிறது. அம்மனே வந்து ஏற்றுக்கொண்டாள் என்று அவர்கள் பூரித்துப் போகிறார்கள். அதை விரட்டுவதில்லை. ஆனால் கிண்ணத்தை வைப்பது என்னவோ சிலைக்குத்தான்.

அந்தத் திருவிழா அன்று முதல்தான் பூனை மனிதனோடு பேசுவதில்லை. கூப்பிட்டால் முதுகைக் காட்டுகிறது. படையலில் முந்திக்கொண்டு வாய் வைக்கிறது. 'முதல் கிண்ணம் உனக்கு, அம்மனுக்கே அப்புறந்தான்' என்று சொல்லி இதுவரை ஒருவரும் வைக்கவில்லை.