கைதி வண்டிக்குத் தாழான கை

கருவேலங்குளம் தாலுகாவில் கைதி வண்டி ஓட்டியவர் கொம்பையனார். இரும்புக் கம்பி அடித்த கூண்டு, இரண்டு மாடுகள். பிடிபட்டவர்களை ஜில்லா ஜெயிலில் கொண்டு சேர்ப்பது அவ்வண்டி. ஒவ்வொரு நடை முடிந்ததும் கூண்டுப் பலகையில் இரத்தம் காய்ந்திருக்கும். அதைக் கழுவி, புது வைக்கோல் விரித்து, வழித்துணைநாதர் கோயில் இருக்கும் திசையைக் கும்பிட்ட பிறகே அவர் மாடு பூட்டுவார். ஏறுபவர் எவராயினும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பார். ஒருவன் அந்தச் செம்பைப் பிடுங்கி அவர் பல்லை உடைத்தான். மறுநடையிலும் அதே செம்பை நீட்டினார்.

பாவ வண்டி ஓட்டுகிறவர் என்று தேர்வடத்தைத் தொட அவரை விடவில்லை. கோயில் தர்மகர்த்தா செண்பகராமர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "வே கொம்பையா, ஒம்ம தேருல இன்னிக்கு எந்தச் சாமி எழுந்தருளுது?"

"ஏறுன பொறவுதான் தெரியும் அண்ணாச்சி" என்பார் இவர், சிரித்தபடி.

ஒரு திருவிழாவுக்கு ஐந்து நாள் முன்பு, சுவாமியின் வலக்கைத் தோள்வளை களவு போயிற்று. கிணறு வெட்டும் மாசானம் பிடிபட்டான். நகை எங்கே என்று சொல்லவில்லை. ஏட்டு, கைதி வண்டிக் கதவின் தாழ்க்கம்பியை உருவி அவனை அடித்தார். கம்பி வளைந்து போனது. கதவு வளையங்களுக்குள் நுழையவில்லை.

"கயித்தக் கட்டிக்கிட்டு ஓட்டும்" என்றார் ஏட்டு.

கொம்பையனார் தண்ணீர் கொடுத்தார். மாசானம் இரத்தத்தோடு அதை அவர் முகத்தில் உமிழ்ந்தான். துண்டால் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

குளத்தங்கரையில் நாற்பது பேர் கம்புகளோடு மறித்தார்கள். முன்னால் செண்பகராமர். காவலுக்கு வந்த இருவரில் ஒருவர் மண்டை உடைந்து விழுந்தார். மற்றவர் போலீஸ் கச்சேரிக்கு ஓடினார். கதவுக் கயிற்றை அரிவாள் அறுத்தது. கொம்பையனார் குதித்திறங்கி, கதவைச் சாத்தி, கம்பி இருக்க வேண்டிய வளையங்களுக்குள் தம் வலக்கையைத் தோள்வரை செலுத்திக்கொண்டார்.

"சாமி நகையத் திருடுனவனுக்கு நீரு காவலா? கைய எடும்."

"சாமிதான் இவன எங்கிட்ட விட்டிருக்கு அண்ணாச்சி. கொண்டு எறக்கிட்டு எடுக்கேன்."

செண்பகராமரின் கம்பு முழங்கைக்கு மேல் விழுந்தது. எலும்பு ஒடிந்த ஓசை கூண்டுக்குள் ஒரு சாண் தூரத்தில் இருந்த மாசானத்துக்குக் கேட்டது. பிறகு கல், கட்டை, அரிவாளின் பின்புறம். அடிக்கு ஒரு முறை கொம்பையனார் நாதன் பெயரைச் சொன்னார். நினைவு தப்பியும் கை வளையத்தை விட்டு வரவில்லை. போலீசார் வந்து வானத்தை நோக்கிச் சுட்ட பின்பே கூட்டம் கலைந்தது.

தன்னைத் திறந்துவிட்ட போலீசாரிடம் மாசானம் தானாகவே சொன்னான்: "தெக்குக் கெணத்துப் படிக்கல்லுக்கு அடியில இருக்கு. மொதல்ல அந்தக் கைக்கு வைத்தியம் பாருங்க."

திருவிழா அன்று உச்சிவேளையில் குருக்கள் தோள்வளையை அணிவிக்க முயன்றார். வழக்கமாகத் தளர்வாய் ஏறும் வளை, முழங்கையைத் தாண்டவில்லை. தடவிப் பார்த்தார். செப்புத் திருமேனியின் கை அங்கே வீங்கி, காய்ச்சல்காரன் உடம்பாகச் சுட்டது.

"இந்தக் கைய யார் அடிச்சது?" என்று அவர் திரும்பிக் கேட்டார்.

தன் கம்பு விழுந்த இடம் செண்பகராமருக்குத் தெரியும். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "நாந்தான்" என்றார்.

அவரே ஆஸ்பத்திரிக்குப் போனார். கொம்பையனாரை அதே கைதி வண்டியில் வைக்கோல்மேல் கிடத்தி, தாமே மாட்டைப் பிடித்து நடத்திவந்தார். கோயில் வாசலில் கதவைத் திறந்து கைத்தாங்கலாக இறக்கியபோது சொன்னார்: "அன்னிக்கு எந்தச் சாமி ஏறியிருந்துச்சுன்னு இப்பத் தெரியுது வே."

கொம்பையனார் சந்நிதியில் நின்று, அடிபடாத இடக்கையை நெற்றியில் வைத்துக் கும்பிட்டார். தோள்வளை தானாகவே ஏறி அமர்ந்தது. அவர் வடம் தொட்ட பின்பே அன்று தேர் நகர்ந்தது.

அந்த வண்டி இன்றும் தேர் நிற்கும் தேர்முட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதற்கு வேறு தாழ் எவரும் போடவில்லை. தண்ணீர் நீட்டிய கையையே தாழாகவும் தந்த கொம்பையனாரின் அன்பு நம் கைகளிலும் சிறிதளவேனும் தங்கட்டும்.