கயிறு பிடிக்க ஓர் ஆள்

உப்பளத்துக் கங்காணி தெய்வச்சிலைக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு வெயிலுகந்த சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தன்னைவிடச் சின்னவரிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று ஊரில் கேலி பேசுவார்கள். தெய்வச்சிலை அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

மகள் உலகம்மைக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மாப்பிள்ளை கிடைக்காமல் இல்லை; வந்த மூன்று பேரையும் தெய்வச்சிலைதான் திருப்பி அனுப்பினார். ஒருவன் பனையேறி. மரத்திலிருந்து விழுந்துவிட்டால்? இன்னொருவர் வைத்தியர். நோயாளியிடமிருந்து நோய் ஒட்டிக்கொண்டால்? மூன்றாமவன் வண்டி கட்டி ஊர் ஊராக வியாபாரம் போகிறவன். வழியில் கள்ளன் மறித்தால்?

ஏழு வயதில் தாயை இழந்த பெண். அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர் அவர். ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, பிறகு அவள் தாலி போய் வந்து நிற்பதைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை.

இப்போது நாலாவதாக ஒருவன் கேட்டிருந்தான். பெயர் வயிரவன். கடலுக்கடியில் மூழ்கிச் சங்கு எடுப்பது அவன் தொழில். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவான். படகில் ஒருவர் அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. சங்கு குளிக்கிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பான், அதாவது மனைவியோடு கூடப்பிறந்தவன். தன் அக்காள் தங்கச்சி தாலிக்குக் கேடு வர எவனும் விடமாட்டான் என்பது கணக்கு. உலகம்மைக்கு நம்பி என்று ஒரு தம்பி இருந்தான். வயிரவனுக்குக் கட்டிக்கொள்ளப் பெண்ணும் வேண்டும், கயிறு பிடிக்க மச்சானும் வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதில் கேட்டு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடுத்த வாரம் படகுகள் கிளம்புகின்றன. தெய்வச்சிலை மடத்துக்கு நடந்தார்.

"சாமி, பெரிய ஆபத்து இல்லாத தொழில் எது?"

சாமி மடத்துக் கூரையிலிருந்து சரிந்த ஓலையைச் செருகிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"பனையேறிக்குப் பெரிய ஆபத்து எது?"

"விழுறது, சாமி."

"வைத்தியருக்கு?"

"ஒட்டுவாரொட்டி நோய்."

"வண்டிக்காரனுக்கு?"

"கள்ளன்."

"சங்கு குளிக்கிறவனுக்கு?"

"சுறா. இதுல என்ன சந்தேகம்?"

"இதெல்லாம் உமக்கு யாரு சொன்னது?"

"யாராவது சொல்லணுமா சாமி? கண்ணை மூடினாத் தெரியுதே."

"சரி," என்றார் சாமி. "கண்ணைத் திறந்துக்கிட்டு ஒரு தடவை போய், அவங்களையே கேட்டுட்டு வாரும்."

மறுநாள் காலையில் தெய்வச்சிலை முதலில் பனங்காட்டுக்குப் போனார். அவர் திருப்பி அனுப்பிய பனையேறி பாதி மரத்தில் இருந்தான். கீழே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. காது மந்தமாகிவிட்டது போலும் என்று இன்னும் உரக்கக் கூப்பிட்டார். மேலே போனவன் போய்க்கொண்டே இருந்தான். பாளையைச் சீவி முடித்து, நிதானமாக இறங்கி, தரையில் கால் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"கங்காணி ஐயாவா? வேற யாராவதா இருந்தா நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மரத்துல இருக்கிறவனைக் கீழ இருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா?"

"ஏன்ப்பா?"

"திரும்பிப் பார்த்தா பிடி போயிரும். எங்க வீட்டுல என் பொம்பளகூட மரத்தடிக்கு வந்தா வாயைத் திறக்க மாட்டா."

"அப்போ விழுறதுதானே பெரிய ஆபத்து?"

"மரம் யாரையும் தள்ளிவிடாதுங்க. கூப்பிடுறவங்களாலதான் வம்பு." அவன் கலயத்தை இறக்கி வைத்தான். "அதுவும் நம்ம மேல அக்கறை உள்ளவங்கதான் கூப்பிடுவாங்க. 'பார்த்துப் போ, பார்த்துப் போ'ன்னு."

அவனுக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதையும் மூன்றாவது வரப்போவதையும் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான். தெய்வச்சிலைக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது.

வைத்தியர் வீட்டில் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒட்டுவாரொட்டி நோயைப் பற்றிக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்காரு எங்க அப்பா. ஒரு தும்மல் கிடையாது. எங்களுக்கு ஆபத்து நோயில இல்லைங்க. நோயாளியோட அம்மாகிட்ட இருக்கு."

"அம்மாகிட்டயா?"

"மூணு நாள் பட்டினி போடுங்கன்னு சொல்லிட்டு வருவோம். பிள்ளை முகம் வாடுதேன்னு, யாருக்கும் தெரியாம ரெண்டு உருண்டை பழைய சோத்தை ஊட்டிருவாங்க. காய்ச்சல் திரும்பிரும். பழி நம்ம மருந்துக்கு." வைத்தியர் கரண்டியைக் கழுவினார். "அவங்களைத் திட்டவும் முடியாது. கண்ணீரும் கம்பலையுமா நிப்பாங்க."

வண்டிக்காரன் சந்தைப்பேட்டையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். கள்ளனைப் பற்றி அவனுக்குப் பெரிதாக அபிப்பிராயம் இல்லை.

"கள்ளன் வந்தா நாய் குரைக்கும், ஐயா. என்னைக் கெடுத்தது மத்தியானச் சாப்பாடு. வயிறு முட்டத் தின்னுட்டு வண்டியில சாஞ்சேன். மாடு பழகின வழியில திரும்பி நடந்திருக்கு. கண்ணு முழிச்சுப் பார்த்தா எங்க வீட்டு வாசல்! அரை நாள் நடை வீணாப் போச்சு. பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறா."

தெய்வச்சிலைக்கு இவன் பேச்சு எதிலும் சேர்த்தி இல்லை என்று தோன்றியது. ஆனாலும் மனதில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்.

வயிரவன் சங்கு போடும் வலைப்பையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு எழுந்தான்.

"சுறாதானே உங்க தொழில்ல பெரிய ஆபத்து?" என்று தெய்வச்சிலை நேராகவே கேட்டார்.

"சுறாவா? அது நம்மளைக் கண்டா ஒதுங்கிப் போயிரும், மாமா." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயா."

பயலுக்கு அவசரம்தான் என்று நினைத்துக்கொண்டார் தெய்வச்சிலை.

"பின்னே எது?"

"கயிறு பிடிக்கிற ஆளு."

"தூங்கிருவானா?"

வயிரவன் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்படியும் நடக்கும், ஐயா," என்றான்.

"போன வருஷம் யாரு பிடிச்சது?"

"எங்க சித்தப்பா. ரொம்ப நல்லவரு. என் மேல உசிரையே வெச்சிருக்காரு."

"அப்போ இந்த வருஷமும் அவரே பிடிக்கட்டுமே."

"வேண்டாங்க, ஐயா." அவன் கையிலிருந்த வலைப்பையைப் பார்த்தான். "போன வருஷம் இது ஒரு நாள்கூட நிறையலை."

கயிறு பிடிக்கிறவர் நல்லவராக இருப்பதற்கும் பை நிறையாததற்கும் என்ன சம்பந்தம் என்று தெய்வச்சிலைக்குப் பிடிபடவில்லை. ஆனால் தேடிப்போனது கிடைத்துவிட்டது. உச்சி வெயிலில் மடத்துக்கு நடந்து வந்து சேர்ந்தபோது நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"கேட்டுட்டேன், சாமி. சங்கு குளிக்கிறவனுக்குப் பெரிய ஆபத்து, கயிறு பிடிக்கிறவன் தூங்கிப் போறதுதான். எங்க நம்பி இருக்கானே, நின்னுக்கிட்டே தூங்குவான். வெள்ளிக்கிழமை வேண்டாம்னு சொல்லிர வேண்டியதுதான். கொஞ்சம் தண்ணி கொடுங்க, சாமி."

சாமி கிணற்றடிக்குப் போனார். மடத்தில் தண்ணீர் இறைக்க இருந்தது ஒரே ஒரு செப்புத் தோண்டி. அதன் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தார். தோண்டியைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார். அது ஒரு சத்தம் எழுப்பி மூழ்கிப் போயிற்று.

"சாமி!"

"எடுத்துட்டு வர்றேன். நீர் கயிறு பிடியும். தூங்க மாட்டீரே?"

"நானா? கண் இமைக்க மாட்டேன், சாமி."

சாமி கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டார். "நான் ஒரு தடவை வெட்டி இழுத்தா, மேல தூக்கும்," என்று சொல்லிவிட்டுச் சுவரில் பதித்திருந்த கற்களில் கால் வைத்து இறங்கினார். தண்ணீருக்குள் தலை மறைந்தது.

கொஞ்ச நேரம் குமிழிகள் வந்தன. பிறகு நின்றன. தெய்வச்சிலை இழுத்தார்.

சாமி தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி இருமினார். "நான் இழுத்தேனா?"

"இல்லை, சாமி. குமிழி நின்னு போச்சு."

சாமி மறுபடி மூழ்கினார். தெய்வச்சிலை மறுபடி இழுத்தார்.

"இப்போ என்ன?"

"குமிழி நிறைய வந்துச்சு, சாமி."

மூன்றாம் தடவை சாமி வெளியே வந்தபோது மூச்சு வாங்கியது. கையில் சேறு மட்டும் இருந்தது. "விரல் பட்டுச்சு. பிடிக்கிறதுக்குள்ள தூக்கிட்டீர். குமிழியா?"

"குமிழி இல்லை, சாமி." தெய்வச்சிலை உள்ளதைச் சொன்னார். "எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் பயமாயிருச்சு."

அந்த நேரத்தில் உலகம்மை வந்தாள். அப்பா காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தாள். கிணற்றுக்குள் சாமியையும், வியர்த்து வழிய நிற்கும் அப்பாவையும் பார்த்தாள்.

"உலகம்மை, நீ பிடிம்மா," என்று உள்ளேயிருந்து சாமி குரல் கொடுத்தார்.

அவள் சோற்று மூட்டையை வைத்துவிட்டுக் கயிற்றை வாங்கினாள். ஒரு சுற்று மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். "ஒரு இழுப்புன்னா மேல தூக்கணும். ரெண்டு இழுப்புன்னா இன்னும் கொஞ்சம் விடணும். அப்படித்தானே, சாமி?"

"அப்படித்தான்."

"ரெண்டு இழுப்பா?" என்றார் தெய்வச்சிலை. "சாமி அதைச் சொல்லவே இல்லையே. உனக்கு யாரு சொன்னது?"

உலகம்மை கயிற்றின் முறுக்கைச் சரிபார்த்தாள்.

சாமி மூழ்கினார். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. கயிற்றை இரண்டு விரல்களுக்கு நடுவில் விட்டு, அது சொல்வதைக் கேட்பவள் மாதிரி தலையைச் சாய்த்து நின்றாள். குமிழிகள் வந்தன. குமிழிகள் நின்றன.

"நின்னுருச்சு. இழு!"

"சும்மா இருங்கப்பா."

கயிறு இரண்டு தடவை அசைந்தது. உலகம்மை ஒரு முழம் விட்டாள். தெய்வச்சிலை ராட்டின மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் வாயில் வராத தெய்வத்தின் பெயர் இல்லை. வாழ்நாளில் இவ்வளவு நீளமான நேரத்தை அவர் பார்த்ததில்லை.

கயிறு ஒரு தடவை வெட்டி இழுத்தது. உலகம்மை தூக்கினாள்.

சாமி தோண்டியோடு ஏறி வந்தார்.

தெய்வச்சிலை ராட்டின மரத்தை விட்டார். "உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"பயமாத்தான் இருந்துச்சு." மணிக்கட்டில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். "ஆனா கயிறு கூப்பிடலையே, அப்பா."

சாமி தோண்டியைக் கயிற்றில் கட்டி, தண்ணீர் இறைத்து, தெய்வச்சிலையின் கையில் ஊற்றினார். கயிற்றை அவிழ்த்து உலகம்மையிடமே கொடுத்தார்.

"சாமி," என்று தெய்வச்சிலை ஆரம்பித்தார். "பெத்தவனுக்குப் பெரிய ஆபத்து..."

"முதல்ல தண்ணியைக் குடியும்."

குடித்தார். வயிறு குளிர்ந்தது. கண் கலங்கியது. அதைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை வயிரவன் வீட்டுல இருந்து வருவாங்களே, சாமி. நான் என்ன சொல்லட்டும்?"

சாமி ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தார்.

"நாலு தொழில்காரங்களைத் தேடிப் போய்க் கேட்டீரு. கயிறு யாரு கையில இருக்குன்னு பாரும். அவகிட்ட என்னைக்காவது ஒரு வார்த்தை கேட்டீரா?"

தெய்வச்சிலை திரும்பிப் பார்த்தார். உலகம்மை ஈரக் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தார். எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.