பேர் கேட்டு அழுத பிள்ளை

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. பேரு நிவியா. ஊர் எங்கேன்னு கேக்குறியா? பூமிக்கு உச்சந்தலை இருக்குல்ல, அங்க. மரம்னு பேருக்குக்கூட ஒண்ணு கிடையாது. குளிர்காலம் வந்தா சூரியன் எட்டியே பாக்காது. கடல் இறுகிப் போய்க் கெட்டியா கிடக்கும். அது மேல நாய் வண்டி போகும், சர்ர்ர்ருனு. அங்க இருக்கறவங்க இனுயிட் ஜனங்க. சீல்னு ஒரு கடல் பிராணி, அதை வேட்டையாடறதும் மீன் பிடிக்கறதும்தான் பொழப்பு. ம் சொல்லு. காலைப் போர்வைக்குள்ள வை.

முன்னாடியெல்லாம் அந்த ஜனங்களை எங்கயோ தெற்க இருந்த அதிகாரிங்கதான் ஆட்டி வச்சாங்க. "கப்பல்ல ஏறு"ன்னா ஏறணும், "இங்க இறங்கு"ன்னா இறங்கணும். அப்புறம் இவங்க வருஷக்கணக்குல பேசிப் பேசி, போராடி, "எங்க ஊரை நாங்களே பாத்துக்கறோம்"னு உரிமையை வாங்கிட்டாங்க. ஊருக்குன்னு ஒரு சபை வச்சாங்க. அதுக்குத் தலைவி ஆலாசி. அந்தச் சபையில கை தூக்கி எண்ணுற வேலையே கிடையாது. எல்லாரும் சரின்னு சொல்ற வரைக்கும் காத்திருப்பாங்க. ஒருத்தரை நச்சரிக்கறது அவங்களுக்கு அசிங்கம். இங்க ஒரு ரிமோட்டுக்கு நீயும் உங்க அக்காவும் போடற சண்டை இருக்கே!

அப்போ என்னாச்சு, கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சுது. உறைஞ்சு கிடந்த மண்ணு இளகி, பொதக் பொதக்குனு சரிஞ்சு விழுந்துது. ஊரையே தூக்கி அக்கரை மேட்டுக்குக் கொண்டு போயாகணும். முன்னாடி அடுத்தவன் விரட்டினான், இப்போ தாங்களே கிளம்பணும். யாருக்கும் மனசே இல்ல. இருந்தாலும் சரின்னாங்க. நிவியா மட்டும் சரின்னு சொல்லல.

ஏன்னா அவளுக்கு ஒரே பையன், உயராக். சீல் வேட்டைக்குப் போனான். போன இடத்துல பனி மடார்னு பிளந்துடுச்சு. நாய்ங்க மட்டும் திரும்பி வந்துது, பாவம். உடம்புகூடக் கிடைக்கல.

அந்த ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்தவங்க பேரை அடுத்துப் பொறக்கற குழந்தைக்கு வைப்பாங்க. வச்சா, அந்த ஆளே திரும்பி வந்த மாதிரி. செத்தவங்களை எந்த உறவு முறை வச்சுக் கூப்பிட்டாங்களோ, அதே முறையிலதான் குழந்தையையும் கூப்பிடுவாங்க. ஆனா நிவியா பையன் பேரை யாருக்கும் குடுக்கல. குடுத்துட்டா அவன் செத்தது நிஜமாயிடும்ல? ம்... ஆமாண்டா கண்ணு.

ஆலாசி ஒரு நாள் நிவியா வீட்டுக்கு வந்தா. "நிவியாக்கா, ஊர் மாறறதைப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

"அவன் வந்தா இங்கதானே தேடுவான்?"

ஆலாசி டீயைக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அப்புறம் கடல் படகுக் கொட்டகையை இழுத்துட்டுப் போச்சு, தடால்னு.

அடுத்த கோடையில ஆலாசி திரும்ப வந்து கேட்டா. நிவியா டீயை மட்டும் ஊத்திக் குடுத்தா. ஊரே காத்திருந்துது. அப்புறம் ஒரு புயல் வந்துது பாரு, ஹோன்னு ஊளையிட்டுக்கிட்டு! கல்லறை மேடு சரிஞ்சு, ஆலாசியோட அம்மாவைப் புதைச்ச பெட்டி அப்படியே கடலுக்குள்ள போயிடுச்சு. அப்பவும் ஆலாசி நிவியாவை ஒரு வார்த்தை சொல்லல. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. நிவியாவுக்குச் சோறு தண்ணி இறங்கல.

மூணாவது தடவை ஆலாசி வந்தப்போ கையில ஒரு கைக்குழந்தை. அவ மக பெத்த பொண்ணு. வீல் வீல்னு கத்துது.

"பொறந்ததுலேருந்து இதே அழுகைதான் அக்கா. எங்கம்மா பேரைச் சொல்லிப் பாத்தோம், நிக்கல. வேற யாரோட பேரையோ கேக்குது."

அங்க அப்படி ஒரு நம்பிக்கை. தனக்கு உண்டான பேர் கிடைக்காத குழந்தை அழுதுகிட்டே இருக்குமாம். ஆலாசி அதுக்கு மேல எதுவும் கேக்கல. குழந்தையை நிவியா மடியில வச்சுட்டுச் சும்மா உக்காந்தா.

நிவியா பாத்தா. குட்டிக் கை சில்லுனு இருந்துது. சொல்ல வந்து முழுங்கினா, திரும்பச் சொல்ல வந்து முழுங்கினா. கடைசியில குழந்தை காதுகிட்ட குனிஞ்சு, "உயராக்"னா.

அழுகை நின்னுதான்னு கேக்காதே. அதுக்குள்ள நிவியா அழ ஆரம்பிச்சுட்டா. இத்தனை நாள் தேக்கி வச்சிருந்த அழுகைல்ல அது! பொட்டப் புள்ளைன்னு தெரிஞ்சும், பேருக்கு உண்டான முறை வச்சு, "மகனே, தண்ணிக்குள்ள ரொம்பக் குளிருச்சாடா?"னு கேட்டா. ஆலாசிக்கும் கண்ணு ரொம்பிடுச்சு.

அப்புறம் சபை கூடிச்சு. ஆலாசி கேக்கறதுக்கு முன்னாடியே நிவியா குழந்தையை மாரோட அணைச்சுக்கிட்டு எந்திரிச்சா.

"போலாம். என் பையனுக்கு இங்க குளிருது."

அவ்வளவுதான் கண்ணு, கதை அக்கரை சேர்ந்துடுச்சு. நீயும் கண்ணை மூடு.